ட்ரெய்லர் வால் ஆட்டுது, எந்த ட்ரெய்லர் எந்த ஹிட்ச் வாங்கலாம்? (ஹாஃப் டன் ட்ரக், ஆறு பேர்)

ரெண்டுங்கெட்டான்

எல்லாருக்கும் வணக்கம். ரெண்டு வருஷமா இங்க சும்மா படிச்சிட்டு போறவன், இப்பதான் முதல் தடவை எழுதறேன், தப்பா எங்கயாவது போட்டிருந்தா மன்னிச்சுக்கோங்க.

டல்லாஸ் பக்கம் இருக்கோம். ஊர்லேர்ந்து அப்பா அம்மா வந்திருக்காங்க, அதனால ஸ்பிரிங் பிரேக்ல ஒரு 26 அடி ட்ராவல் ட்ரெய்லர் (ட்ரக் பின்னாடி கோத்து இழுத்துட்டு போற வீடு) வாடகைக்கு எடுத்து பாலோ டூரோ கேன்யன் போனோம். என்னோடது ஃபோர்டு எஃப்-150 ஹாஃப் டன் பிக்கப் ட்ரக், 3.5 ஈக்கோபூஸ்ட், க்ரூ கேப். போகும்போது ஓரளவு ஓகே, லேசா அலைஞ்சுது, காத்து போலன்னு விட்டுட்டேன். திரும்பி வரும்போது 287ல சில்ட்ரஸ் தாண்டி 70ல வந்துட்டிருக்கேன், ஒரு பெரிய லாரி இடது பக்கம் ஏறி தாண்டுச்சு, முதல்ல ட்ரெய்லர் வெளிய தள்ளின மாதிரி இருந்துச்சு, அப்புறம் உள்ள இழுத்துச்சு, அவ்வளவுதான், வாலாட்ட ஆரம்பிச்சிடுச்சு. கண்ணாடில பாத்தா ட்ரெய்லரோட பக்கவாட்டு ஸ்டிக்கர் ஒருதரம் இடது கண்ணாடில தெரியுது ஒருதரம் வலதுல தெரியுது. நான் பிரேக்க மிதிச்சேன், இன்னும் மோசமாச்சு. ட்ரக்கே தானா ஏதோ பிரேக் புடிச்சுது, அது காப்பாத்துச்சா கடவுள் காப்பாத்துனாரான்னு தெரியல. ஓரங்கட்டி நிறுத்தினப்ப அம்மா கந்த சஷ்டி கவசம் பாதில இருந்தாங்க.

இப்ப சொந்தமா ஒண்ணு வாங்கலாம்னு ஐடியா. பங்க் பெட் வெச்ச 32 அடி ஒண்ணு பாத்து வெச்சிருக்கோம், ட்ரை வெயிட் 6,700, ஜிவிடபிள்யூஆர் (சாமானெல்லாம் சேர்த்து இருக்கலாம்ங்கற உச்ச எடை) 8,600 பவுண்ட். விக்கிறவர் "உங்க ட்ரக் 11,000க்கு மேல இழுக்கும் சார், இது தூசு"ன்னார். கூடவே ஆட்டத்தை அடக்கற நல்ல ஸ்வே கன்ட்ரோல் ஹிட்ச் (ட்ரக்கையும் ட்ரெய்லரையும் கோக்கற இணைப்பு) போட்டுட்டா ஆட்டமே இருக்காதுன்னு சொல்றார். மனைவி என்னடான்னா இனிமே ட்ரெய்லர்னு வாயே தொறக்காதீங்கங்கறா. எந்த ஹிட்ச் வாங்கினா நிம்மதியா ஓட்டலாம்? ஆண்டர்சன், ஈக்வலைசர், ப்ளூ ஆக்ஸ்னு ஆளுக்கொண்ணு சொல்றாங்க.

கிளட்ச்பெடல்

முதல்ல எல்லாரும் முழுசா வந்தீங்களே, அது போதும். பிரேக் மிதிச்சது தப்புன்னு உங்களுக்கே தெரிஞ்சிருக்கும் ஆனாலும் அடுத்தவங்க படிக்கறதுக்காக சொல்றேன், ஆட ஆரம்பிச்சா ஆக்சிலரேட்டர்லேர்ந்து காலை எடுங்க, ஸ்டியரிங்க நேரா புடிச்சுக்கோங்க (அது ஆடற பக்கமெல்லாம் திருப்பி திருப்பி பதில் சொல்லாதீங்க), டேஷ்ல இருக்கற ட்ரெய்லர் பிரேக் கன்ட்ரோலரை கையால அழுத்துங்க. ட்ரெய்லர் மட்டும் பிரேக் புடிக்கும்போது அது பின்னாடி இழுபட்டு நேராயிடும். ட்ரக் பிரேக்க மிதிச்சா ட்ரெய்லர் உங்களை முன்னாடி தள்ளும், அதான் மோசமாச்சு. அந்த கன்ட்ரோலர் எங்க இருக்குன்னு தேடாம கை போகணும், காலி பார்க்கிங்ல நாலு தரம் பழகுங்க.

இப்ப உங்க கேள்வி. ஹிட்ச்ச ஓரமா வைங்க. டிரைவர் கதவை தொறந்தா தூண்ல மஞ்சள் வெள்ளைல ஒரு ஸ்டிக்கர் இருக்கும், "ஆளுங்களும் சாமானும் சேர்ந்து இத்தனை பவுண்டுக்கு மேல போகக்கூடாது"ன்னு. அந்த நம்பர் என்ன? அத சொல்லாம இங்க யார் என்ன சொன்னாலும் கேக்காதீங்க, நான் உட்பட.

அந்த 32 அடிக்காரனுக்கு அட்வான்ஸ் குடுத்துடலியே?

ரெண்டுங்கெட்டான்

அட்வான்ஸ் குடுக்கல அண்ணே. இப்பதான் போய் பாத்துட்டு வந்தேன். 1,463 எல்பின்னு போட்டிருக்கு. ஆனா ப்ரோஷர்ல 2,000க்கு மேல போட்டிருந்துச்சே?

கிளட்ச்பெடல்

ப்ரோஷர்ல இருக்கறது ஒண்ணுமே இல்லாத மொட்டை வண்டிக்கு. உங்களோடதுல சன்ரூஃப், லெதர் சீட், ஃபோர் வீல் டிரைவ், பெரிய சக்கரம்னு ஒவ்வொண்ணும் பேலோடுலதான் (ட்ரக் தன் மேல தாங்கற பாரம்) கழியும். ஸ்டிக்கர் அந்த ஒரு வண்டிக்குனே அடிச்சது, அதான் வேதவாக்கு.

கணக்கு போடுவோம். உங்க குடும்பம் ஆறு பேர் எவ்வளவு?

ரெண்டுங்கெட்டான்

நான் 175, மனைவி 140ன்னு சொல்றா (நான் எதுவும் சொல்லல), பசங்க 75, 55, அப்பா 150, அம்மா 135. மொத்தம் 730.

கிளட்ச்பெடல்

ஆக 1,463ல 730 போச்சு. மிச்சம் 733. டிரைவரும் அந்த 1,463லதான் வருவார், நிறைய பேர் தன்னை விட்டுட்டு கணக்கு போடறாங்க.

32 அடி ட்ரெய்லர் ட்ரை 6,700ன்னா அது பேட்டரி, தண்ணி, சாமான், பாத்திரம் பண்டம் எதுவும் இல்லாம. ரோட்ல 7,900 ஆயிடும், சத்தியமா. ட்ராவல் ட்ரெய்லர் நேரா போகணும்னா அதோட மொத்த எடைல 10லேர்ந்து 15 பர்சன்ட் ஹிட்ச் பால் (ட்ரக்குக்கு பின்னாடி ட்ரெய்லர் மூக்கு உக்காரற இரும்பு குண்டு) மேல உக்காரணும், அதான் டங் வெயிட். 13ன்னு வைங்க, 1,027. ஹிட்ச்சே ஒரு 100. ரெண்டும் சேர்ந்து 1,127. உங்ககிட்ட இருக்கறது 733. ட்ரக்கோட பெட்ல (பின்னாடி இருக்கற சாமான் தொட்டில) ஒரு கூலர் கூட வைக்காமயே 394 பவுண்ட் ஓவர். அவர் சொன்ன 11,000 பொய் இல்ல, எஞ்சின் இழுக்கும்தான். அந்த டோ ரேட்டிங் எஸ்ஏஇ ஜே2807னு ஒரு முறைல போடறது, அரிசோனால டேவிஸ் டாம் ஏத்தத்துல ஏசி போட்டுட்டு ஏறணும், இத்தனை வினாடில ஸ்பீடு எடுக்கணும்னெல்லாம் இருக்கு, ஆனா வண்டிக்குள்ள ரெண்டே ரெண்டு பேர், ஆளுக்கு 150 பவுண்ட்னு கணக்கு. பாட்டி தாத்தா பசங்க சாம்பார் குக்கர் எல்லாம் அந்த கணக்குல இல்ல.

இழுக்கறது வேற, தாங்கறது வேற. ஹாஃப் டன் ட்ரக்ல பேலோடுதான் எப்பவும் முதல்ல தீர்ந்துபோகும்.

நாமக்கல்_லாரிவீடு

கிளட்ச் அண்ணன் சொன்னதுக்கு மேல ஒண்ணும் இல்லீங்க. ஆனா ஒரு சமாச்சாரம் கேக்கணும். போகும்போது சரியா வந்துச்சு திரும்பும்போதுதான் ஆடுச்சுன்னீங்க. என்ன மாறுச்சு?

எங்க வீட்ல மூணு தலைமுறையா வண்டி. தாத்தா காலத்துல மாட்டு வண்டி, அப்பா காலத்துல லாரி, நான் மட்டும் கம்ப்யூட்டர்ல உக்காந்து பாழாப்போனேன். தாத்தா பாரம் ஏத்தும்போது ஒண்ணே ஒண்ணுதான் சொல்லுவாரு, முன்பாரம் இருக்கணும், ஆனா மாட்டுக் கழுத்து நோகாத அளவுக்கு. பின்பாரமா ஏத்திட்டா நுகத்தடி மேல தூக்கும், கழுத்துக் கயிறு மாட்டுத் தொண்டைய இறுக்கும், மாடு தாறுமாறா இழுக்கும். உங்க டங் வெயிட்டுங்கறது அந்த முன்பாரம்தாங்க. ரெண்டு சக்கர வண்டி உலகத்துல எங்க போனாலும் ஒரே புத்திதான்.

அதான் கேக்கறேன், பின்னாடி என்ன வெச்சிருந்தீங்க?

ரெண்டுங்கெட்டான்

ஐயோ. நாலு சைக்கிள், பின் பம்பர்ல ரேக் மாட்டி. பின்னாடி பங்க் பெட்டுக்கு அடியில அம்மாவோட டேபிள் டாப் கிரைண்டர், அரிசி, தண்ணி பாட்டில் கேஸ் ரெண்டு. டேங்க் பத்தி யோசிக்கவே இல்ல... திரும்பும்போது டேங்க் கழிவை கொட்டற டம்ப் ஸ்டேஷன்ல பெரிய க்யூ, பசங்க அழ ஆரம்பிச்சிட்டாங்க, சரி வழில எங்கயாவது கொட்டிக்கலாம்னு அப்படியே கிளம்பிட்டேன். கிரே டேங்க் (குளிச்ச, கழுவின அழுக்குத் தண்ணி) முழுசா இருந்துச்சு. பாத்ரூம் பின்னாடிதான்.

நாமக்கல்_லாரிவீடு

அப்ப ஆடாம என்ன பண்ணும். 😀

கிளட்ச்பெடல்

கண்டுபிடிச்சாச்சு. தண்ணி ஒரு கேலன் 8.34 பவுண்ட். 30 கேலன் டேங்க்னா 250 பவுண்ட், ஆக்சிலுக்கு பின்னாடி. சைக்கிள் எல்லாத்துக்கும் கடைசில தொங்குது, அது தராசுல நுனி மாதிரி, கம்மி வெயிட்டுக்கே டங் வெயிட்ட நிறைய தூக்கிடும். முன்னாடி இருக்கற ப்ரோபேன் காலியாகிட்டே வந்திருக்கும், ஒரு சிலிண்டர்ல 20 பவுண்ட் கேஸ். ஆக போகும்போது இருந்த கொஞ்ச நஞ்ச முன்பாரமும் வரும்போது போச்சு.

இன்னொண்ணு, அந்த பம்பர்ல சைக்கிள் ரேக் மாட்டவே கூடாது பெரும்பாலும். நாலு அங்குல சதுர டியூப், மெல்லிசு தகடு, சாக்கடை பைப்பை உள்ள வெக்கறதுக்குன்னு வெச்சது. ஓடும்போது குலுங்கி வெல்டு விட்டுப்போய் ரேக்கோட ரோட்ல விழுந்த கதை நிறைய கேட்டாச்சு.

மிட்டாய்க்கடை

நடுவுல வர்றதுக்கு சாரி. நாங்க ஹூஸ்டன். எங்ககிட்ட 5,000 பவுண்ட் ரேட்டிங் உள்ள மூணு வரிசை எஸ்யூவி, 17 அடி சின்ன ட்ரெய்லர், லோடோட 3,300 வரும். என் கணவருக்கும் ஹிட்ச் வாங்கினா எல்லாம் சரியாயிடும்னு ஒரு நம்பிக்கை, ஆர்டர் போடற வரைக்கும் போயிட்டார். நான் மேனுவலை எடுத்து படிச்சா எங்க வண்டிக்கு வெயிட் டிஸ்ட்ரிபியூஷன் ஹிட்ச் (பால் மேல விழற பாரத்தை ஸ்ப்ரிங் பார் வெச்சு மத்த சக்கரங்களுக்கு பிரிச்சு அனுப்பறது) போடாதேன்னு எழுதியிருக்கு. பாடிலயே ஃப்ரேம் சேர்ந்த வண்டிகள்ல அந்த பார் குடுக்கற முறுக்கு விசைய தாங்கற மாதிரி எல்லாத்தையும் செய்யறதில்ல போல. அதனால எஸ்யூவி வெச்சிருக்கறவங்க மேனுவல்ல டோயிங் பக்கத்தை முழுசா படிங்க ப்ளீஸ், சிலதுல ட்ரெய்லரோட முகப்பு பரப்புக்கு கூட லிமிட் போட்டிருப்பாங்க.

அப்புறம் பொண்டாட்டி வெயிட் பத்தி கணக்கு போடறவங்க ஒரு 15 சேத்து போட்டுக்கோங்க, யாரும் உண்மை சொல்ல மாட்டோம்.

பனங்கொட்டை

வணக்கம், நான் ஒன்ராறியோவில இருந்து எழுதுறன். இஞ்ச நாங்கள் கிலோவில கதைக்கிறம், ஆனா கதை ஒண்டுதான். 401 இல லொறி தாண்டேக்க முதல்ல தள்ளும் பிறகு இழுக்கும், நீங்கள் சொன்ன மாதிரியேதான். லொறிக்கு முன்னால காத்து அமுக்கமா வரும், பக்கத்தால போகேக்க அமுக்கம் குறையும். அது எல்லாருக்கும் நடக்கும். வடிவா பாரம் ஏத்தின ட்ரெய்லர் எண்டால் ஒருக்கா அசைஞ்சு தானாவே நிண்டிடும். பின்பாரம் எண்டால் ஒவ்வொரு ஆட்டமும் முந்தினதை விட பெரிசா வரும். அதில வேகம்தான் முக்கியம், 90 கிலோமீற்றரில அடங்கிற ஆட்டம் 110 இல அடங்காது. எனக்கு நடந்தது கிங்ஸ்டனுக்கு கிட்ட, வேகத்தைக் குறைச்ச உடனே ஒண்டுமே நடக்காத மாதிரி நேராப் போச்சுது, எனக்குத்தான் கால் நடுக்கம் நிக்க அரை மணித்தியாலம்.

ஒண்டு கேக்கிறன், உங்கட ட்ரெய்லற்ற மூக்கு மேல தூக்கியிருந்ததோ? மூக்கு தூக்கி இருந்தால் பின்பாரம் இன்னும் கூடும், பின் ஆக்சிலில பாரம் ஏறும், ஆட்டமும் கூடும். மட்டமா இருக்கவேணும், இல்லாட்டி மூக்கு ஒரு துளி கீழ.

ரெண்டுங்கெட்டான்

ஃபோட்டோ எடுத்து பாத்தேன் அண்ணா. மூக்கு கொஞ்சம் தூக்கித்தான் இருக்கு. வாடகைக்கு குடுத்தவர் அவரோட பால் மவுண்ட்டையே குடுத்தார், அவர் ட்ரக் உயரத்துக்கு செட் பண்ணது. வெயிட் டிஸ்ட்ரிபியூஷன் பார் ரெண்டும் டிக்கில கெடந்துச்சு, "வேணும்னா மாட்டிக்கோங்க"ன்னார். எனக்கு மாட்ட தெரியல. மாட்டல.

கிளட்ச்பெடல்

மாட்டலியா!! ட்ரக்குக்கு பின்னாடி ஹிட்ச்ச சொருகற ரிசீவருக்கு அடியில ஒரு ஸ்டிக்கர் இருக்கும் பாருங்க, ரெண்டு வரி. வெயிட் கேரியிங்ல 5,000 / டங் 500ன்னும், வெயிட் டிஸ்ட்ரிபியூட்டிங்ல அதைவிட ரெண்டு மடங்குக்கு மேலயும் போட்டிருக்கும். பார் இல்லாம உங்க ரிசீவருக்கே 5,000தான் அனுமதி. நீங்க இழுத்தது ஆறாயிரம் இருக்கும்.

பார் என்ன பண்ணுதுன்னா, பால் மேல 700 பவுண்ட் உக்காந்தா ட்ரக்கோட பின்பக்கம் அமுங்கும், முன்பக்கம் எழும்பும். முன் சக்கரத்துல பாரம் கம்மியானா ஸ்டியரிங் மிதக்கற மாதிரி ஆயிடும். ஸ்ப்ரிங் பார் ரெண்டும் கடப்பாரை போட்டு நெம்பற மாதிரி அந்த பாரத்துல ஒரு பங்க முன் சக்கரத்துக்கும் இன்னொரு பங்க ட்ரெய்லர் சக்கரத்துக்கும் திருப்பி அனுப்புது. அவ்வளவுதான் அதோட வேலை. ஆட்டத்தை அடக்கறது தனி வேலை, ஈக்வலைசர்ல நாலு இடத்துல உராய்வு குடுத்து அடக்கறான், ப்ளூ ஆக்ஸ்ல பாரோட இழுவிசையாலயே ட்ரெய்லரை நடுவுக்கு கொண்டு வரான், ஆண்டர்சன்ல சங்கிலியும் யூரித்தேனும் பால்ல ஒரு உராய்வுக் கூம்பும். ஹென்ஸ்லி, ப்ரோப்ரைட் ரெண்டும் வேற ஜாதி, இணைப்புக் கம்பிகள வெச்சு திரும்புற புள்ளிய பின் ஆக்சில் பக்கம் முன்னாடி நகர்த்தின மாதிரி ஆக்கிடறான், ஆட்டமே கிளம்பாது, ஆனா விலை மூவாயிரம் டாலருக்கு மேல, வெயிட்டும் ஜாஸ்தி, அதுவும் உங்க பேலோடுலேர்ந்துதான்.

உங்க பட்ஜெட்டுக்கு உராய்வு வகை நாலு பாயின்ட் ஒண்ணு போதும். ஆனா பின்பாரத்தை எந்த ஹிட்ச்சும் சரி பண்ணாது, மறைச்சு வைக்கும், ஒருநாள் இறக்கத்துல காத்துல 75ல அது மறைக்க முடியாம போகும்.

லீட்ஸ்_காரன்

ஒரு சந்தேகம். இங்க யூகேல கேரவனுக்கு நோஸ் வெயிட் 5லேர்ந்து 7 பர்சன்ட் போதும்னுதான் சொல்றாங்க, எங்க வண்டி டோபாருக்கே 100 கிலோதான் லிமிட். நீங்க 13ங்கறீங்க. யார் சொல்றது சரி?

பனங்கொட்டை

ரெண்டும் சரி. உங்கட மோட்டர்வேயில இழுக்கேக்க 60 மைல்தானே உச்சம், இவையள் டெக்சாசில 75 இல பறக்கினம். உங்கட கேரவன் பாரம் குறைவு, கனமான சாமான் எல்லாம் ஆக்சிலுக்கு மேல வாற மாதிரித்தான் செய்யிறாங்கள், முனையில ஒண்டும் இல்லை. இஞ்ச முன்னுக்கு ரெண்டு சிலிண்டர், பின்னுக்கு குசினி, நீட்டுக்கு ஒரு வீடு.

கேள்விக்குறி

இவ்வளவு கஷ்டம் எதுக்கு, பேசாம டீசல் 2500 (அடுத்த சைஸ், முக்கால் டன்) ட்ரக் வாங்கிட்டா எல்லா பிரச்சினையும் தீர்ந்துச்சே?

கிளட்ச்பெடல்

தீரும், தீராமலும் போகும். 2500 டீசல்ல பல மாடலுக்கு ஜிவிடபிள்யூஆர் 10,000ல நிறுத்தியிருப்பான், அந்த டீசல் எஞ்சினே பல நூறு பவுண்ட் கூடுதல், கடைசில ஸ்டிக்கர பாத்தா 2,000 சொச்சம்தான் பேலோடு இருக்கும். அதே 2500 பெட்ரோல்னா 3,000 பக்கம் வரும். 20,000 பவுண்ட் இழுக்கும்னு டீசல் வாங்கி ஃபிஃப்த் வீல் (ட்ரக் பெட்டுக்கு உள்ளயே கோக்கற பெரிய ட்ரெய்லர்) கோத்து, அதோட எடைல 20, 22 பர்சன்ட் ட்ரக் மேல உக்காரும்போது ஓவராகி நிக்கறவங்கள ஒவ்வொரு கேம்ப்கிரவுண்ட்லயும் பாக்கலாம். ஃபிஃப்த் வீல் ஆடாதுங்கறது உண்மை, திரும்புற புள்ளி பின் ஆக்சிலுக்கு நேர் மேல இருக்கு, ஆனா அதுக்கும் தாங்கற ட்ரக் வேணும்.

ரெண்டுங்கெட்டான் தம்பி, இந்த வாதமெல்லாம் விடுங்க. அதே வாடகை ட்ரெய்லர ஒரு சனிக்கிழமை திரும்ப எடுங்க. லாரி ஸ்டாப்ல கேட் (CAT) ஸ்கேல்னு ஒவ்வொரு ஆக்சிலயும் தனியா எடை போடற எடைமேடை இருக்கும். மூணு தரம் எடை போடுங்க: பார் மாட்டி ட்ரெய்லரோட, பார் கழட்டி ட்ரெய்லரோட, ட்ரக் மட்டும். முதல் தரத்தைவிட அதே நாள் திரும்ப போட்டா கம்மியாத்தான் ஆகும். பார் இல்லாத எடைல ட்ரக்கோட ரெண்டு ஆக்சிலயும் கூட்டி, ட்ரக் மட்டும் எடைய கழிங்க, அதான் நிஜ டங் வெயிட்.

மிட்டாய்க்கடை

கேட் ஸ்கேல்ல பேசற பட்டன் லாரி ஜன்னல் உயரத்துல இருக்கும், நான் ஒருதரம் எஸ்யூவிலேர்ந்து இறங்கி குடைக்கம்பால அமுக்கினேன். இப்ப ஆப் இருக்கு, அதுலயே பண்ணிடலாம்.

ரெண்டுங்கெட்டான்

(ரெண்டு வாரம் கழிச்சு)

எல்லாருக்கும் நன்றி, இப்பதான் நேரம் கெடச்சுது. போட்டாச்சு. மொத்த குடும்பத்தையும் ஏத்திட்டு போனேன், அப்பாவுக்கு ஒரே குஷி, ஊர்ல நெல்லு லாரி எடை போடற எடைமேடைக்கு போன மாதிரியே இருக்குன்னார். முதல்ல அன்னைக்கு எப்படி ஏத்தியிருந்தேனோ அதே மாதிரி, சைக்கிள் பின்னாடி, கிரைண்டர் பின்னாடி. டேங்க் மட்டும் காலி.

ட்ரக் மட்டும் (ஆறு பேர், ஹிட்ச் ஹெட் மாட்டி): முன் 3,220, பின் 3,160. மொத்தம் 6,380.

ட்ரெய்லரோட, பார் இல்லாம: முன் 3,010, பின் 3,870, ட்ரெய்லர் ஆக்சில் 5,600.

ஆக ட்ரக் மேல 6,880, டங் வெயிட் 500. ட்ரெய்லர் மொத்தம் 6,100. 8.2 பர்சன்ட்! டேங்க் காலியா இருக்கும்போதே இது. அன்னைக்கு கிரே டேங்க் ரொம்பி இருந்தப்ப எவ்வளவு இருந்திருக்கும்னு நினைச்சா வயித்த கலக்குது.

அப்புறம் அங்கயே ஓரமா நிறுத்தி சைக்கிள ரேக்கோட கழட்டி (மொத்தம் ஒரு 170 பவுண்ட்) ட்ரெய்லருக்குள்ள முன் பெட் பக்கத்துல போர்வை போட்டு படுக்க வெச்சு கட்டினோம். அரிசி, தண்ணி கேஸ், கிரைண்டர் எல்லாம் முன்னாடி. ஒரு பொருள் கூட இறக்கல, எடம்தான் மாத்தினேன். திரும்ப எடை:

பார் இல்லாம: முன் 2,900, பின் 4,240, ட்ரெய்லர் 5,340. டங் 760. அதாவது 12.5 பர்சன்ட்.

பார் மாட்டி (யூட்யூப் பாத்து ஒன்றரை மணி நேரம், விரல் நசுங்கல): முன் 3,100, பின் 3,940, ட்ரெய்லர் 5,440.

பக்கத்துல ஹைவேல ஏறி 60ல ரெண்டு எக்ஸிட் ஓட்டினேன். லாரி ஒண்ணு தாண்டுச்சு. தள்ளுச்சு, நின்னுடுச்சு. ஒரே ஒரு அசைவு. மனைவி ஒண்ணும் சொல்லல, ஃபோனை எடுத்து பாக்க ஆரம்பிச்சிட்டா, அதான் எனக்கு சர்டிஃபிகேட்.

நாமக்கல்_லாரிவீடு

ஒரு பைசா செலவில்லாம முன்பாரம் 260 பவுண்ட் ஏறிப்போச்சு பாத்தீங்களா. தாத்தா இருந்திருந்தா ஒரு வெத்தல போட்டிருப்பாரு.

கிளட்ச்பெடல்

அருமையா போட்டிருக்கீங்க, இந்த மாதிரி நம்பரோட வர்றவங்க இங்க கம்மி. இப்ப அதையே நிதானமா படிங்க.

உங்க பின் ஆக்சில் லிமிட் எவ்வளவு? கதவுல இன்னொரு ஸ்டிக்கர்ல இருக்கும். 4,050 பக்கம்னா பார் இல்லாம 4,240 ஓவர், பார் போட்டு 3,940, உள்ள வந்துடுச்சு. முன் சக்கரத்துல 320 போயிருந்துச்சு, 200 திரும்ப வந்துடுச்சு. எவ்வளவு திருப்பணும்னு உங்க மேனுவல்ல இருக்கும், முழுசா திருப்பணும்னு அவசியம் இல்ல, ஜாஸ்தி திருப்பினா பின் சக்கரம் லேசாகி மழைல வழுக்கும். வீட்ல செக் பண்ண எடை வேண்டாம், முன் சக்கர வளைவு உயரத்தை டேப் வெச்சு அளங்க: தனியா, கோத்ததும், பார் போட்டதும். மூணு நம்பர், அவ்வளவுதான். டீலர் கடையில "செட் பண்ணியாச்சு சார்"ன்னு சொல்லும்போது டேப்பே வெளிய எடுக்கலைன்னா அவங்க செட் பண்ணலைன்னு அர்த்தம். எனக்கு ஒரு கடையில அப்படித்தான் குடுத்தாங்க, பேர் வேண்டாம், பார் ரெண்டும் சும்மா அலங்காரத்துக்கு தொங்கிட்டு வந்துச்சு, 200 மைல் கழிச்சுதான் கண்டுபிடிச்சேன்.

ஆனா முக்கியமான விஷயம் இது. பார் போட்டும் ட்ரக் மேல 3,100 + 3,940 = 7,040. உங்க ட்ரக் ஜிவிடபிள்யூஆர் 7,050ஆ இருக்கும்னு நினைக்கறேன். பத்து பவுண்ட் மிச்சம். பெட் காலி. ஆக இந்த 6,100 பவுண்ட் ட்ரெய்லர்தான் ஆறு பேரோட உங்க ட்ரக்குக்கு எல்லை. 8,600 ட்ரெய்லர பத்தி இனிமே பேசவே வேண்டாம்.

ரெண்டுங்கெட்டான்

7,050தான் அண்ணே. பின் ஆக்சில் 4,050. மந்திரவாதி மாதிரி சொல்றீங்க.

32 அடிய கை கழுவிட்டேன். ஆனா ஆறு பேர் படுக்கணுமே.

மிட்டாய்க்கடை

அப்பா அம்மா விசிட்டர் விசாதானே, ஆறு மாசத்துல கிளம்பிடுவாங்க. வருஷத்துல எத்தன ட்ரிப் அவங்களோட? எங்க வீட்ல மாமியார் வந்தா ஒரு ட்ரிப், ரொம்ப போனா ரெண்டு. அதுக்காக வருஷம் பூரா 32 அடிய இழுக்கணுமா. நாலு பேருக்கு அளவா வாங்குங்க, பெரியவங்க வரும்போது அவங்களுக்கு பார்க்ல கேபின் போட்டுடுங்க, டெக்சாஸ் ஸ்டேட் பார்க் நிறையதுல இருக்கு. எங்க மாமியாருக்கு ட்ரெய்லர் கக்கூஸை விட அதான் புடிக்கும்.

நீளமா வாங்கினா போற இடமும் குறையும், அதையும் யோசிங்க. பிக் பெண்ட் நேஷனல் பார்க்ல சிசோஸ் பேசின் ரோட்டுக்கு 20 அடிக்கு மேல ட்ரெய்லர் வேண்டாம்னு பார்க்ல சொல்றாங்க.

பனங்கொட்டை

டயரைப் பற்றி ஒருத்தரும் கதைக்கேல்லை. ட்ரெய்லருக்கு வாற எஸ்டி டயர்ல வேக எழுத்து ஒண்டும் இல்லை எண்டால் 65 மைல்தான் கணக்கு. டெக்சாசில போர்ட் 75, 80 எண்டு போட்டிருக்கும், அது உங்கட டயருக்குப் போட்ட போர்ட் இல்லை. காத்து, பக்கச்சுவரில எழுதின உச்ச அளவு, டயர் குளிரா இருக்கேக்க. பழைய ட்ரெய்லர் வாங்கிறதெண்டால் டயர்ப் பக்கச்சுவரில இருக்கிற டாட் (DOT) இலக்கத்தைப் பாருங்கோ, கடைசி நாலு எண், 2319 எண்டால் 2019 இல 23வது கிழமை செய்தது. பட்டன் எவ்வளவு புதுசா இருந்தாலும் ஐஞ்சு ஆறு வருசத்துக்குப் பிறகு மாத்துறது நல்லம். வெயில்ல நிண்டே வயசு போயிடும் அதுகளுக்கு. ட்ரக் டயரும் பாருங்கோ, காருக்குப் போடுற மெல்லிய பக்கச்சுவர் எண்டால் அதுவும் நெளிஞ்சு ஆட்டம் காட்டும்.

கேள்விக்குறி

வீல் நட் டைட் பண்றதையும் சேத்துக்கோங்க. புது சக்கரம் மாட்டினா 10, 25, 50 மைல்ல டார்க் ரென்ச் வெச்சு பாக்கணும். என் மச்சானுக்கு ஒரு சக்கரம் அவரையே தாண்டி முன்னாடி உருண்டு போச்சு.

ரெண்டுங்கெட்டான்

(ஒன்றரை மாசம் கழிச்சு)

அப்டேட் போடாம இருந்தா திட்டுவீங்கன்னு வந்துட்டேன். செகண்ட் ஹேண்ட்ல 23 அடி ஒண்ணு எடுத்தாச்சு, ஜிவிடபிள்யூஆர் 5,500. ரெண்டு ஆக்சில். டயர் டாட் பாத்தா ஏழு வருஷம், நாலையும் மாத்திட்டேன், விலைலயும் கொறச்சு பேசினேன். நாலு பாயின்ட் உராய்வு ஹிட்ச், நானே வாஷர் கூட்டி குறைச்சு ஹெட் சாய்வ செட் பண்ணேன், முன் வளைவு தனியா 37 அங்குலம், கோத்ததும் 37 முக்கால், பார் போட்டதும் 37 கால். ட்ரெய்லர் மட்டமா நிக்குது. கேட் ஸ்கேல்ல நாங்க நாலு பேரும் ஏறி போட்டப்ப ட்ரெய்லர் 5,050, டங் 640, ட்ரக்ல 300க்கு மேல மிச்சம், பெட்ல ஜெனரேட்டர் வெச்சிக்கலாம்.

இங்க்ஸ் லேக் போயிட்டு வந்தோம். 62, 63லயே ஓட்டினேன், பின்னாடி வந்தவன் எல்லாம் ஹாரன் அடிச்சுட்டு போனான், போகட்டும். கிளம்பறதுக்கு முன்னாடி டம்ப் ஸ்டேஷன்ல 40 நிமிஷம் நின்னு எல்லா டேங்கையும் காலி பண்ணிட்டுதான் நகர்ந்தேன். கை கன்ட்ரோலர்ல பழகி வெச்சிருக்கேன், தேவைப்படல.

அம்மா ஊருக்கு போய்ட்டாங்க, நேத்து வீடியோ கால்ல ட்ரெய்லர சுத்தி காமிச்சேன். கிரைண்டரை எங்கடா வெச்சேன்னு கேட்டாங்க.

நாமக்கல்_லாரிவீடு

எங்கீங்க வெச்சீங்க?

ரெண்டுங்கெட்டான்

சிங்க்குக்கு அடியில. ஆக்சிலுக்கு நேர் மேல. பெல்ட் போட்டு கட்டியிருக்கு.